ஒரு நூல்

எட்டடி மேசை. செங்கால் மரம்.
பகாவ் பட்டணத்தில், மலிவுவிலை வீடுகளின் மூன்றாம் வரிசையில்
ஒரு கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.
தோட்டம் கைமாறிய வருஷம்
துரை பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது
வீராசாமி நாற்பது வெள்ளிக்கு எடுத்ததாம்.
வாசலில் நுழையாமல்
சன்னலைக் கழற்றி உள்ளே ஏற்றினார்களாம்.
இப்போது அவர் இல்லை.
மகன்கள் இரண்டு பேர்.

"தச்சர் வரலையா?" என்றார் பெரியவர் அரிதாஸ்,
என் தோளுக்கு மேலாக லோரியைப் பார்த்து.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
அதற்குமேல் கேட்கவில்லை.

"நட்டநடுவுல அறுக்கணும்.
ஒரு நூல்கூட எனக்குக் குறையக்கூடாது"
என்றார் பத்மநாதன், சின்னவர்.

அளந்தேன்.
எட்டடி, ஓர் அங்குலம், இரண்டு நூல்.
பாதிக்கு நாலடி ஐந்து நூல்.
கோடு போட்ட பிறகுதான் சொன்னேன்:
ரம்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு.
பல் போகிற வழி சரியாக ஒரு நூல். அது தூளாகிவிடும்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தால் அண்ணனுடையது,
அந்தப் பக்கம் வைத்தால் தம்பியுடையது.
யாருடையதைத் தின்னட்டும்?

கோப்பி ஆறியது.
வீட்டைப் பத்து நிமிஷத்தில் பேசி முடித்தவர்கள்
அந்த ஒரு நூலுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தார்கள்.
ஆளுக்கு அரை நூல். கோட்டின் மேலேயே ரம்பம்.

மேசையைக் கவிழ்த்தோம்.
அடியில், யாரோ ஒரு தச்சர் சீனத்தில் போட்ட குறிகள்:
எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று.
அந்த எழுத்து எனக்குத் தெரியாது,
ஆனாலும் படிக்க முடிந்தது.
எங்கும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை மனுஷன்.
நடுவில், என் கோட்டுக்கு நேர் பின்புறம்,
சுண்ணாம்புக்கட்டியில், பள்ளிக்கூடக் கையெழுத்தில்,
கோமளா.
மவுக்கும் ளாவுக்கும் நடுவே நான் அறுக்கவேண்டும்.

கோமளா அடுப்படி வாசலில் நின்றாள்.
கோப்பி அவள் போட்டதுதான்.
பங்கைப் பற்றி அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.
ஈரத்துணி ஒன்றை நீட்டினாள்:
"தொடச்சிட்டு அறுங்க."
தொடச்சா என் குறியும் அழிஞ்சிடும் என்றேன்.
பொய். என் குறி மேல்பக்கம் இருந்தது.

செங்கால் லேசில் வழிவிடாது.
பல் சூடேறி மூன்று முறை நிறுத்தினேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
மேட்டில் ஏறி இறங்கியபோது வீடே அதிர்ந்தது,
நான் கோட்டை விடவில்லை.
இத்தனை வருஷக் குழம்புக் கறைக்குக் கீழே
மரம் மஞ்சளாக இருந்தது, நேற்று வெட்டியதுபோல.

அறுத்தால் போதுமா?
பாதி மேசை இரண்டு காலில் நிற்காது.
புதிதாக நாலு கால் வேண்டும்.
செங்கால் விலையைச் சொன்னேன்,
முதல்முறையாக அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் பேசினார்கள்.
பால்மரத்தில் போட்டேன்.
வீராசாமி முப்பத்தொரு வருஷம் சீவிய மரம்.
டயர் கடைக்குப் பின்னால், என் பட்டறையில்
நானும் நாலு நாள் சீவினேன்.
ஈரம் படாமல் வைக்கச் சொல்லி
பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன்.

நானூற்று எண்பது வெள்ளி.
அரிதாஸ் தன் பாதியைக் கொடுத்தார்.
பத்மநாதன் பாதியில் பாதி.

எட்டு மாதம் கழித்துக் கோமளாவின் போன்.
"அண்ணன் மகளுக்குப் பரிசம்.
எல்லாரும் ஒரே மேசையில உக்காரணுமாம்.
திரும்ப ஒண்ணாக்க முடியுமா?"
முடியும். அடியில் சட்டம் கொடுத்து,
பசை போட்டு இறுக்கினால் பிடிக்கும்.
ஒரு நூல் குறையும். ரேகை சேராது.
துணி விரிச்சா மேல தெரியாது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் குக்கர் விசில் மட்டும்.
"கீழ?"

எழுத்து கொஞ்சம் நெருக்கமா நிக்கும் என்றேன்.

பிறகு, வராத அந்த
நூற்றிருபது வெள்ளியையும்
ஞாபகப்படுத்தினேன்.